தகரக் குழாயும் சணல் நூலும்: நுண்ணலைகளைத் தேடிய ஜகதீஷ் சந்திர போஸ்

எங்கள் வீட்டில் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அதில் யாரும் ஏறி ஓடியதை நான் கண்டதில்லை. விறாந்தையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். இரவுச் செய்தி நேரம் வந்ததும் அம்மப்பா பெடலைக் கையால் சுற்றத் தொடங்குவார். ரயரில் உரசிக்கொண்டு டைனமோ சுழலும். அதிலிருந்து போகும் இரண்டு வயர்களின் முனையில் ஒரு சிறிய ரேடியோ இரைச்சலோடு கண்விழிக்கும். அயல்வீட்டார் நாலைந்து பேர் குந்தியிருந்து கேட்பார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும் என்பதால், அம்மப்பா களைத்ததும் வேறொருவர் பெடலை வாங்கிக்கொள்வார்.

1990களின் யாழ்ப்பாணத்தில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. மின்சாரம் இல்லை. பற்றரி, தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. எந்த ஒழுங்கையில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் டைனமோ சுழலும் சத்தம் கேட்கும். பௌதிகவியல் படிக்காதவர்கள்கூட எத்தனை வேகத்தில் சுற்றினால் எவ்வளவு மின் வரும், அன்ரெனா வயரை எந்த மரத்தில் எந்தப் பக்கமாகக் கட்டினால் எந்த நிலையம் எடுக்கும் என்று அறிந்திருந்தார்கள்.

மின்சாரம் வந்தது. சைக்கிள் பழைய இரும்புக்குப் போனது. இன்று அதே வீட்டுக் கூரையில் செய்மதித் தொலைக்காட்சியின் வட்டத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பூட்ட வந்த பொடியன் பூட்டிவிட்டுப் போனான். அதற்குள் என்ன நடக்கிறது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. தேவை கற்றுக்கொடுத்த அறிவு, தேவை தீர்ந்ததும் போய்விட்டது.

அந்தத் தட்டின் நடுவே, தடியின் முனையில் ஒரு சிறு புனல் இருக்கிறது. அப்படியான புனலையும் குழாயையும் தகரத்தில் செய்வித்து, நுண்ணலைகளை ஒரு மேசைமேல் கொண்டுவந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1937இல் இறந்துபோன வங்காளி. பாடப்புத்தகத்தில் அவரைச் செடிகளுக்கும் உணர்ச்சி உண்டென்று காட்டியவராக அறிந்திருப்போம். அதற்கு முன் அவர் வாழ்ந்த சில ஆண்டுகளைப் பற்றியே இங்கு பேசுகிறேன்.

கொள்ளைக்காரரின் தோளில் பள்ளிக்கூடம்

ஜகதீஷ் 1858 நவம்பர் 30ஆம் திகதி, இன்றைய பங்களாதேஷிலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் டாக்காவுக்கு அருகே விக்கிரம்பூர்ப் பகுதி. தகப்பன் பகவான் சந்திர போஸ் ஆங்கில ஆட்சியில் துணை நீதவானாக இருந்தவர். அந்தப் பதவியில் இருப்பவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. அவரோ மகனை ஊரிலிருந்த வங்காளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஒரு பக்கத்தில் வீட்டு ஊழியரான முஸ்லிம் ஒருவரின் மகன், மறுபக்கத்தில் மீனவர் ஒருவரின் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகளே தனக்கு இயற்கைமீது ஆர்வத்தை ஊட்டின என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அவரைப் பள்ளிக்குச் சுமந்துசென்ற வேலையாள் முன்னர் கொள்ளைக்காரராக இருந்தவர். அவரைச் சிறைக்கு அனுப்பிய நீதவானே பகவான் சந்திரர்தான். தண்டனை முடிந்து வெளியே வந்தவருக்கு எங்கும் வேலை கிடைக்காதபோது தன் வீட்டிலேயே வேலை கொடுத்து, சின்ன மகனையும் அவர் பொறுப்பில் விட்டார். சிறையிலிருந்து மீண்டு வந்தவர்களை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை அறிந்த நமக்கு அந்தத் தகப்பனின் மனத்துணிவு விளங்கும்.

பின்னர் பர்த்வானில் கொள்ளைக் காய்ச்சல் பரவி ஏராளமான பிள்ளைகள் அநாதைகளானபோது, பகவான் சந்திரர் அவர்களுக்காகப் பட்டறைகள் அமைத்தார். தச்சுவேலை, உலோகம் கடைதல், வார்ப்பு எல்லாம் அங்கு பழக்கப்பட்டன. மகன் பிற்காலத்தில் தகரவேலைக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு உலகம் வியந்த கருவிகளைச் செய்ததற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம். கைவேலையைக் குறைவாக எண்ணாத வீட்டில் அவர் வளர்ந்தார்.

கல்கத்தாவில் ஹெயார் பள்ளி, பின்னர் சென் சேவியர் கல்லூரி. அங்கே பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த யேசுசபைக் குருவான லஃபோன் அடிகளார், செய்முறைகளைக் காட்டிக் காட்டியே பௌதிகவியலைக் கற்பித்தார். ஜகதீஷை அந்தப் பாடத்தின் பக்கம் திருப்பியவர் அவரே. பட்டம் பெற்றபின் மருத்துவம் படிக்க 1880இல் லண்டன் போனார். ஏற்கனவே உடம்பில் இருந்த காய்ச்சல் பிரேதப் பரிசோதனை அறையின் நெடியில் மோசமானது. மருத்துவத்தைக் கைவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். அங்கு ஆசிரியராக வாய்த்தவர் ரேலி பிரபு. 1884இல் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பட்டங்களைப் பெற்று அடுத்த ஆண்டு கல்கத்தா திரும்பினார்.

மூன்று ஆண்டுகள், ஒரு சதமும் வாங்காமல்

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. இந்தியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் தகுதி இல்லை என்ற எண்ணம் நிர்வாகத்தில் வேரூன்றியிருந்தது. அதே வேலைக்கு ஐரோப்பியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. பதவி தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, கையில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை விடவில்லை. சம்பளத்தை வாங்கவும் இல்லை. மூன்று ஆண்டுகள் நாள் தவறாமல் வகுப்பெடுத்துக்கொண்டே, மாதாமாதம் வந்த பணத்தைத் தொட மறுத்தார். வீட்டு நிலைமை நன்றாக இருந்ததென்றும் இல்லை. தகப்பன் பொதுநன்மைக்கென்று தொடங்கிய முயற்சிகள் நொடித்துப்போய்க் கடன் தலைக்குமேல் நின்றது. 1887இல் அபலா தாஸைத் திருமணம் செய்தார். பெண்களுக்கு மருத்துவக் கல்வி அரிதாக இருந்த காலத்தில், அபலா புலமைப்பரிசில் பெற்றுச் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உடல்நலம் ஒத்துழைக்காததால் இடையில் நிறுத்தியவர். கல்கத்தாவில் குடியிருக்கும் வசதியின்றி, தம்பதியர் ஹூக்ளி ஆற்றங்கரையில் சந்தன்நகரில் வாழ்ந்தார்கள்.

முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. பதவியை நிரந்தரமாக்கி, முழுச் சம்பளத்தையும் மூன்று ஆண்டு நிலுவையோடு கொடுத்தது. அந்தப் பணம் தகப்பனின் கடனுக்குப் போனது. ஒரே தகுதி, வெவ்வேறு அளவுகோல் என்ற அநீதி நமக்குப் புதியதல்ல. அதற்கு அவர் கொடுத்த பதில், வகுப்பறையை விட்டு வெளியேறாமலே கொடுத்த பதில்.

ஒரு பாய் விரிக்கும் இடம்

1894 நவம்பர் 30, அவருடைய 36ஆவது பிறந்தநாள். இனி ஆராய்ச்சியிலேயே வாழ்வைச் செலவிடுவது என்று அன்று முடிவெடுத்தார். கல்லூரியில் ஆய்வுகூடம் கிடையாது. குளியலறைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த 24 சதுர அடி அறையை எடுத்துக்கொண்டார். ஒரு பாயை விரித்தால் நிறைந்துவிடும் இடம். பயிற்சி எதுவும் இல்லாத ஒரு தகரவேலைக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்த நேரங்களில் வேலை நடந்தது. செலவும் பெரும்பாலும் சொந்தப் பணம்.

அவர் தேடியது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மின்காந்த அலைகள் உண்டென்றும், ஒளியும் அவற்றில் ஒரு வகையே என்றும் ஸ்கொட்லாந்தின் மக்ஸ்வெல் கணிதத்தால் காட்டியிருந்தார். ஜேர்மனியில் ஹேர்ட்ஸ் 1887–88இல் அந்த அலைகளை உண்மையாகவே உண்டாக்கிப் பிடித்துக்காட்டினார். ஹேர்ட்ஸ் 1894 புத்தாண்டு நாளன்று 36 வயதில் இறந்துபோனார். அவருடைய வேலையைப் பற்றி ஒலிவர் லொட்ஜ் எழுதியதை வாசித்ததுதான் போஸுக்குப் பொறி.

ஹேர்ட்ஸின் அலைகள் நீளமானவை. மிகக் குறுகியதே அறுபது சென்ரிமீற்றருக்கு மேல். அவ்வளவு நீள அலையை முறிக்கக்கூடிய அரியமும் அதற்கேற்றளவு பெரிதாக இருக்க வேண்டும். ஹேர்ட்ஸ் கீல் உருக்கி வார்த்த அரியத்தின் நிறை அரைத் தொன்னுக்கும் மேல். போஸ் இதை மறுபுறமாக யோசித்தார். கருவியைப் பெரிதாக்க இடமும் இல்லை, காசும் இல்லை. அலையைச் சிறிதாக்கினால்? சின்னஞ்சிறு உலோகக் குண்டுகளுக்கிடையே பொறி பறக்கவிட்டு, 2.5 சென்ரிமீற்றரிலிருந்து 5 மில்லிமீற்றர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். இன்றைய கணக்கில் மீடிறன் ஏறத்தாழ 12 முதல் 60 கிகாஹேர்ட்ஸ். இவற்றையே இன்று நுண்ணலை என்றும், மிகக் குறுகியவற்றை மில்லிமீற்றர் அலை என்றும் சொல்கிறோம். அலை சிறுத்ததும் கருவிகள் எல்லாம் ஒரு மேசைக்குள் அடங்கின.

அந்த மேசையில் இருந்தவற்றைப் பாருங்கள். அலையைச் சிதறவிடாமல் கொண்டுபோக உலோகக் குழாய். அதை அள்ளிச் சேர்க்க ஒரு புனல். அலையைக் குவிக்க வில்லை. அதன் முறிவை அளக்கக் கந்தகம் போன்ற பொருட்களாலான அரியம். அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அதாவது முனைவாக்கத்தை, அறிய முறுக்கிய சணல் கட்டு. இன்னொன்றும் செய்தார். ரயில் நேர அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே தகரத்தாள்களைச் செருகினார். புத்தகத்தை ஒரு பக்கமாகப் பிடித்தால் அலை கடந்துபோகும். திருப்பிப் பிடித்தால் நின்றுவிடும். இந்தியாவின் எந்தப் புகையிரத நிலையத்திலும் கிடைக்கும் புத்தகம், ஒரு விஞ்ஞானக் கருவியாகிவிட்டது.

1895 மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் முதல் கட்டுரையை வாசித்தார். அதே ஆண்டு, கந்தகத்தின் முறிவுச் சுட்டி பற்றிய கட்டுரையை ரேலி பிரபு லண்டன் ரோயல் சொசைட்டியில் சமர்ப்பித்தார். 1896இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அறை கிடைத்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

சுவரைத் தாண்டிய அலை

1895இல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு செய்முறை நடந்தது. ஓர் அறையிலிருந்து புறப்பட்ட அலைகள் சுவர்களையும், இடையில் அமர்ந்திருந்த வங்காளத் துணை ஆளுநரின் உடலையும் கடந்து, 75 அடி தள்ளியிருந்த அறையில் ஒரு மணியை அடித்தன. சிறிதளவு வெடிமருந்தையும் பற்றவைத்தன.

இந்த இடத்தை வாசித்தபோது நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். கல்கத்தாவில் அன்று கூடியிருந்தவர்கள் கைதட்டியிருப்பார்கள். வயரில்லாமல், எங்கோ இருந்து, மருந்து வெடிப்பது என்றால் எங்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. ஏ9 வீதியும், காட்டுப் பாதைகளும், அதில் போனவர்களும். அலைகளைப் பற்றிய நம் பயத்தின் வேர் அங்கேயும் இருக்கிறது. கையில் வோக்கி இருந்தவர் எந்தப் பக்கத்தாலும் சந்தேகிக்கப்பட்டார். வீட்டில் அளவுக்கு மிஞ்சிய வயர் இருந்தாலே சோதனையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரேடியோ திருத்தத் தெரிந்த பிள்ளையை, அதைத் தெரியாதது போல் இருக்கச் சொன்ன தாய்மார் எத்தனை பேர். அலைக்கு மணியும் தெரியாது, மருந்தும் தெரியாது. மறுமுனையில் எதை வைப்பது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. அந்த முடிவுகளின் விலையைக் கொடுத்த சமூகம், அலைகளை விட்டு ஒதுங்கி நிற்பதைவிட அவற்றை விளங்கிக்கொள்வதே நல்லது.

1897 ஜனவரி 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை, லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் போஸ் உரையாற்றினார். மைக்கேல் ஃபரடேயும் உரையாற்றிய மண்டபம். கல்கத்தாவில் தகரவேலைக்காரர் செய்த கருவிகள் அங்கே மேசைமேல் இருந்தன. எதையும் மறைக்காமல், எது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து காட்டினார்.

யார் முதல் என்ற சண்டை

அலையைப் பிடிக்கும் கருவி அக்காலத்தில் பெரிய தலையிடி. உலோகத் துருவல் நிரப்பிய ஒரு குழாய்தான் வழக்கத்தில் இருந்தது. அலை பட்டதும் துருவல்கள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அலைக்கு முன் தட்டிவிட வேண்டும். வங்காளத்து ஈர வெக்கையில் இரும்பு துருப்பிடித்தும்போகும். போஸ் ஒவ்வோர் உலோகமாகச் சோதித்தார். 1899இல், இரும்பும் இரசமும் தொடும் இடத்தில் ரெலிபோனை இணைத்து, தட்டாமலே மீண்டுகொள்ளும் ஒரு கருவியை ரோயல் சொசைட்டிக்கு விவரித்தார்.

1901 டிசம்பரில் மார்க்கோனி, அத்திலாந்திக்கைக் கடந்து வந்த சமிக்ஞையை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அன்று அவர் கையில் இருந்ததும் இத்தாலியக் கடற்படை வழியாக வந்த ஓர் இரசக் கருவி. அதன் மூலம் போஸின் கண்டுபிடிப்பே என்று 1998இல் ஐ.ஈ.ஈ.ஈ எனப்படும் மின்பொறியியலாளர் அமைப்பின் இதழில் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். அன்றிலிருந்து ரேடியோவைக் கண்டுபிடித்தவர் போஸ், திருடியவர் மார்க்கோனி என்ற கதை பரவிவிட்டது.

உண்மை அவ்வளவு நேரானதல்ல. செய்தி அனுப்புவது போஸின் நோக்கமாக இருக்கவில்லை. அலையின் இயல்பை அறிவதே அவர் தேடல். மார்க்கோனியோ நீண்ட அலைகளை வைத்து, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். இருவரும் இரண்டு வேலை செய்தார்கள். நாமும் காயப்பட்ட சமூகம் என்பதால், எல்லாவற்றையும் முதலில் செய்தவர் நம்மவர், பிறர் பறித்துக்கொண்டார்கள் என்ற கதை இனிக்கும். ஆனால் அந்தக் கதையைக் கேட்டு எந்தப் பிள்ளையும் ஒரு வயரைக்கூடத் தொடப்போவதில்லை. தகரமும் சணலும் கொண்டு என்ன செய்தார் என்ற கதையைக் கேட்டால் தொடக்கூடும்.

காப்புரிமையிலும் அவர் போக்கு தனி. அறிவை விலைக்கு விற்பதில் அவருக்கு நாட்டமில்லை. தந்திக் கம்பனி முதலாளி ஒருவர் பணத்தோடு தேடிவந்தபோது மறுத்துவிட்டார். அமெரிக்கத் தோழியான சாரா புல், சகோதரி நிவேதிதா ஆகியோரின் வற்புறுத்தலால், கலீனா என்ற ஈயத்தாதுப் பளிங்கைக்கொண்டு அலையை உணரும் கருவிக்கு 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டது. 1904 மார்ச் 29ஆம் திகதி 755,840 என்ற இலக்கத்தில் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு உலகில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமையாக அது கருதப்படுகிறது. அதைக்கொண்டு போஸ் காசு தேடவில்லை. காலாவதியாகவும் விட்டுவிட்டார்.

விட்டுச்சென்ற மேசை

புதிய நூற்றாண்டு பிறந்தபோது அவர் மனம் வேறு திசையில் போயிருந்தது. உலோகங்களும் களைப்படைவது போல் நடந்துகொள்வதைப் பார்த்து, உயிருள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையிலான கோட்டை ஆராயப் புகுந்தார். தொட்டாற்சுருங்கியும் தொழுகன்னியும் அவருடைய ஆய்வுப் பொருட்களாயின. செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃபைச் செய்தார். அவருடைய தாவர முடிவுகளில் சில ஏற்கப்பட்டன, சில இன்றும் விவாதத்துக்குரியவை. 1917இல் சேர் பட்டம். அதே ஆண்டு நவம்பர் 30, தன் 59ஆவது பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவகத்தைத் திறந்தார். 1920இல் ரோயல் சொசைட்டி அவரை அங்கத்தவராக்கியது. 1937 நவம்பர் 23ஆம் திகதி, 79 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், கிரிதியில் காலமானார்.

நுண்ணலை மேசைக்கு என்ன ஆனது? அவர் எழுந்துபோனதும் அந்தக் கதிரையில் உட்கார ஆள் இருக்கவில்லை. சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா போன்ற மேதைகள் அவரிடம் படித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் போன வழி வேறு. உலகமும் நீண்ட அலைகளின் பின்னால் ஓடியது. அவர் கையாண்ட குழாயும் புனலும் 1930களில் அமெரிக்க ஆய்வுகூடங்களில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்து ராடார் தேவைப்பட்ட பிறகுதான் நுண்ணலை எல்லோர் கைக்கும் வந்தது. நாற்பது ஆண்டுகள் சும்மா போயின.

போஸின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறைப்பது இந்த இடம்தான். ஒரு தனிமனிதரின் திறமை ஒரு துறையைத் தொடங்கி வைக்கலாம். அதை உயிரோடு வைத்திருக்கப் பலர் வேண்டும். பெரிய மேதைகளாக இருக்கத் தேவையில்லை. செய்துபார்த்து, பிழைவிட்டு, பிழையை மற்றவருக்குச் சொல்லும் ஆட்கள் போதும்.

ரேடியோவுக்கு அப்படியான ஆட்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெச்சூர் வானொலியாளர்கள் என்பது அவர்கள் பெயர். ஹாம் என்றும் சொல்வார்கள். பரீட்சை எழுதி, உரிமம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைகளில் இலாபநோக்கமின்றிப் பரிசோதிப்பவர்கள். 1912இல் அமெரிக்க அரசு, பயனில்லாதவை என்று எண்ணப்பட்ட 200 மீற்றருக்குக் குறைந்த அலைகளை அவர்களுக்குத் தள்ளிவிட்டது. 1923இல் அந்த உதவாத அலைகளில்தான் அவர்கள் அத்திலாந்திக்கின் இருபுறமும் பேசிக்கொண்டார்கள். பிறகுதான் சிற்றலையின் பெறுமதி உலகுக்குத் தெரிந்தது. நம் பெற்றோர் தூரத்து நாடுகளின் தமிழ்ச் செய்தியைக் கேட்டது அந்தச் சிற்றலையில்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், கழித்து விற்கப்பட்ட ராடார் உதிரிகளை வாங்கி, இதே ஹாம்கள் நுண்ணலைக்குள் இறங்கினார்கள். முதலில் சில கிலோமீற்றர். இன்று 10 கிகாஹேர்ட்ஸில், கடல்மேல் படியும் காற்றடுக்குகளின் உதவியோடு, 2,000 கிலோமீற்றருக்கும் அப்பால் தொடர்புகொண்டிருக்கிறார்கள். போரின் எச்சத்தைப் பேச்சுக்குரிய கருவியாக்கும் வேலை இலங்கைக்கும் புதிதல்ல. 1920களில் கொழும்பில் எட்வர்ட் ஹாப்பர் முதல் ஒலிபரப்பைச் செய்தபோது, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியின் வானொலி உதிரிகளைப் பயன்படுத்தியதாகவே வரலாறு சொல்கிறது.

கூரையில் இருக்கும் ஆய்வுகூடம்

இப்போது நம் கூரைக்கு வருவோம். செய்மதித் தொலைக்காட்சித் தட்டு வாங்கும் அலை ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளம். போஸ் கையாண்டவற்றில் பெரிய அலையின் அளவு. அதாவது அவருடைய மேசை நம் வீட்டிலேயே இருக்கிறது.

கைக்கெட்டும் உயரத்தில் தட்டு இருந்தால், பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்துபாருங்கள். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது நனைந்த துணியொன்றைப் புனலுக்கு முன்னால் பிடியுங்கள். படம் உடைந்துபோகும். நீர் இந்த அலைகளை விழுங்கும். மழைக்குப் படம் நிற்பதன் காரணமும் அதுவே. பிறகு காய்ந்த துணியைப் பிடியுங்கள். படம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அடுத்து, தடியின் முனையிலுள்ள புனல் இருந்த நிலையைப் பேனையால் குறித்துவிட்டு, மெல்ல மெல்லத் திருகுங்கள். ஓரளவில் அலைவரிசைகள் ஒவ்வொன்றாக மறையும். போஸ் ரயில் அட்டவணைப் புத்தகத்தைத் திருப்பியபோது கண்டது இதையே. உயர்தரப் பாடத்தில் மனப்பாடம் செய்யும் முனைவாக்கம், கைக்குள் நடப்பதைப் பிள்ளை பார்க்கும். குறித்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர மறக்க வேண்டாம், தொடர் நாடகம் பார்ப்பவர்களின் கோபத்துக்கு நான் பொறுப்பில்லை.

அதற்கு அடுத்த படியும் உண்டு. 2018 நவம்பரில் ஏவப்பட்ட கட்டார் நாட்டுச் செய்மதி ஒன்றில் அமெச்சூர் வானொலிக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பார்வை பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை விரிவதால் நாமும் அதற்குள் இருக்கிறோம். அது 10.489 கிகாஹேர்ட்ஸுக்கு அண்மையில் பேசுகிறது. உலகெங்கும் ஹாம்கள் கழித்த தொலைக்காட்சித் தட்டையும், கணினியில் செருகும் சிறு வாங்கியையும் வைத்தே அதைக் கேட்கிறார்கள்.

அனுப்புவது வேறு விடயம். இலங்கையில் உரிமமின்றி எந்த அலையிலும் அனுப்பக்கூடாது. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்து உரிமம் பெற வேண்டும். கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கவும் அனுமதி வேண்டும். வெளிநாட்டு மாமா அனுப்புகிறார் என்று விசாரிக்காமல் எதையும் இறக்கிவிட வேண்டாம். நம் நிலைமையில் கடதாசி சரியாக இருப்பது மற்றவர்களுக்கு இருப்பதைவிட முக்கியம். ஆனால் கடதாசி கடினம் என்பதற்காகக் கதவை நாமே சாத்திக்கொள்ளவும் தேவையில்லை.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது அந்தமானில், அந்த நேரம் தற்செயலாகப் பரிசோதனைக்குப் போயிருந்த இந்திய ஹாம் குழுவே வெளியுலகோடு தொடர்பைப் பிடித்துக் கொடுத்தது. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் அன்று தொடர்பின்றித் தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த குடாநாடு இது. தீவுப்பகுதிகளும் களப்பும் வெட்டவெளியாகக் கிடக்கின்றன. நேர்கோட்டில் போகும் நுண்ணலைக்கு இதைவிடப் பொருத்தமான பரிசோதனைக் களம் அரிது. உயரத் தடி நட்டுத் தூரதர்ஷன் பார்த்த தலைமுறைக்கு, கடலைத் தாண்டி அலை வருவது புதினமல்ல. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியற்பீடம் இருக்கிறது. பாடசாலைகளில் விஞ்ஞான மன்றங்கள் இருக்கின்றன. ரேடியோ திருத்திய முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

2012இல் ஐ.ஈ.ஈ.ஈ அமைப்பு, போஸின் மில்லிமீற்றர் அலைப் பரிசோதனைகளை மின்பொறியியல் வரலாற்றின் மைல்கற்களில் ஒன்றாக அறிவித்தது. அவர் இறந்து 75 ஆண்டுகளின் பின். அவர் எட்டிய 60 கிகாஹேர்ட்ஸ் இன்று அறைக்குள் அதிவேகத் தரவு அனுப்பப் பயன்படுகிறது. கௌரவம் வந்தது நல்லது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, பெயர்கூடப் பதிவாகாத அந்தத் தகரவேலைக்காரர். பேராசிரியர் விளக்கியதைக் கேட்டு, இதற்குமுன் யாரும் செய்யாத வடிவங்களைத் தகரத்தில் வெட்டி ஒட்டியவர். நம் ஊரிலும் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. டைனமோவையும் ரேடியோவையும் இணைத்த கைகள், மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய கைகள். அன்று வேறு வழியில்லாததால் செய்தோம். இனி விரும்பிச் செய்யலாம்.

அம்மப்பா இப்போது இல்லை. டைனமோ மட்டும் எப்படியோ தப்பி, ஒரு தகரப் பேணிக்குள் ஆணிகளோடு கிடந்தது. போன மாதம் அதை எடுத்துத் துடைத்து, அக்காவின் மகனிடம் கொடுத்தேன். இது என்ன மாமா என்று கேட்டான். சுற்றிப் பார் என்றேன்.